சேலத்தில் ஒரு கேட்ச்

ஏப்ரல் 6, திங்கள்

இன்று காலை ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். அதுவும் என் சொந்தப் பக்கத்தில், என் சொந்த அணியைப் பற்றி.

என் அணி என்று சொல்கிறேனே தவிர நான் மட்டையைத் தொட்டவன் இல்லை. தொலைபேசி இலாகாவில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். கூடல் கோப்ராஸ் மதுரைக்கென்று இருந்த ஒரே கிரிக்கெட் அணி. காசு கொடுத்து வீரர்களை எடுத்தார்கள், பேருந்து முழுக்கப் பாம்புப் படம் ஒட்டினார்கள், நாலே வருடத்தில் முதலாளிகள் கைகழுவிவிட்டார்கள். அணி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதன் ஆட்டம், ரன், விக்கெட், விசித்திரம் எல்லாவற்றையும் முகநூலில் ஒரு பக்கம் வைத்து நான்தான் காப்பாற்றி வருகிறேன். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தும் அணியிலிருந்து நீக்கப்படாதவர் யார்? (முதலாளியின் மைத்துனர்.) கொடை ரோடு பக்கம் பேருந்து நின்றுபோய், இரண்டு லோடு ஆட்டோவில் வந்து இறங்கி ஜெயித்த ஆட்டம் எது? இதையெல்லாம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

இன்று ஒருவர் ஒரு விளம்பரத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். திருமங்கலம் பக்கத்துத் தனியார் பள்ளி. ‘ஜூன் முதல் எங்கள் கிரிக்கெட் பயிற்சியாளர், கூடல் கோப்ராஸ் புகழ் அருளப்பன்.’ கீழே கேள்வி: ‘சார், இவர் எந்த ஆட்டத்தில் ஆடினார்?’

அருளப்பனா? அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது.

“தெரியலன்னு போட்டுருங்களேன்,” என்றாள் என் மனைவி மங்கை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

“தெரியலன்னு போடுறதுக்கா பக்கம் நடத்துறேன்?”

போன மாதம்தான் ஒரு தடவை மூக்குடைபட்டேன். விக்கெட் கீப்பர் ராஜகோபால் வாழ்நாளில் சிக்ஸரே அடித்ததில்லை என்று எழுதியிருந்தேன். விருதுநகரிலிருந்து எவனோ வீடியோவோடு வந்து, ‘தாத்தா, இது என்ன?’ என்று கேட்டான். அந்த ‘தாத்தா’வுக்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

ஏப்ரல் 7

நாள் முழுக்கத் தேடினேன். கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் கத்திவிட்டுப் போய்விட்டாராம், என் காதில் விழவில்லை. மங்கைக்குக் கோபம்.

அருளப்பன் எந்த ஆட்டத்திலும் இல்லை. கோப்ராஸுக்கு ஆடியவர்கள் அத்தனை பேரையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 8

பள்ளி விளம்பரத்தில் பயிற்சியாளரின் எண் இருந்தது. கூப்பிட்டேன். அருளப்பனே எடுத்தார். நான் யார் என்று சொல்லவில்லை, பழைய ரசிகன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“ஆமா சார், ரெண்டாவது வருசம் டீமோடவே இருந்தேன். ப்ராக்டிஸ் நெட்டுல பந்து போடுவேன். சேலத்துல நம்ம அய்யனாருக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. என்னைய இறக்கிவிட்டாங்க. கடைசி ஓவருல தவசி அண்ணன் பந்துல ஒரு கேட்ச் சார். ரெண்டு ரன்னுல ஜெயிச்சோம்.”

“பேட்டிங் பண்ணீங்களா?”

“இல்ல சார்.”

“பௌலிங்?”

“இல்ல சார்.”

“அப்ப எதை வச்சு ஆடுனேன்னு சொல்றீங்க?”

“கிரவுண்டுல நின்னேன் சார்,” என்றார்.

போனை வைத்ததும் சேலம் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை எடுத்தேன். பதினொரு பேரில் அவர் இல்லை. கடைசி விக்கெட்டுக்கு நேரே, கேட்ச் பிடித்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில், ‘மாற்று ஆள்’ என்று இருக்கிறது. காயம்பட்டவருக்குப் பதில் களத்தில் நிற்பவர் யாரோ, அவர் பெயரைப் போடுவதில்லை. கேட்ச் அவர் கணக்கிலும் சேராது, ஆட்டமும் சேராது. விதி அப்படி. மாற்று ஆள் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். தண்ணீர் தூக்குகிறவராகக்கூட இருந்திருக்கலாம்.

ஆக, அவர் ஆடவில்லை. என் பதில் சரி.

ஏப்ரல் 10

எழுதிப் போட்டுவிட்டேன். தலைப்பு: ‘ஆடாமலே புகழ் பெற்ற அருளப்பன்.’

நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. ‘இன்றைய துணுக்கு: கோப்ராஸ் வரலாற்றில் ஒரு ரன்கூட எடுக்காத, ஒரு பந்துகூட வீசாத, ஒரு ஆட்டத்தில்கூட இல்லாத நட்சத்திரம் யார்? விடை திருமங்கலத்தில் இருக்கிறது. ஜூன் முதல் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறார், ஆடாமல் இருப்பது எப்படி என்று!’ பள்ளியின் விளம்பரத்தையும் சேர்த்திருந்தேன். சேலம் கேட்ச் சமாச்சாரத்தை எழுதவில்லை. எழுதினால் நீளும், துணுக்குக்கு ஆகாது.

விருதுநகர்க்காரன் வந்து, ‘சார் மாஸ்’ என்று போட்டான். தாத்தா மறுபடி சார் ஆகிவிட்டேன்.

மங்கை படித்துவிட்டுக் கேட்டாள், “அந்த ஆளுக்குப் பிள்ளகுட்டி இருக்கா?”

“அது எதுக்கு உனக்கு?”

“சும்மா கேட்டேங்க.”

பெயரைப் போடாமல் விட்டிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பெயரில்லாத துணுக்கு எங்கேயாவது உண்டா?

ஏப்ரல் 11

ஆயிரத்து நூறு பேர் விரும்பியிருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை 168.

ஏப்ரல் 14, புத்தாண்டு

பள்ளி அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘டூப்பு மாட்டிக்கிட்டான். வேலை போச்சாம். பசுமலைல காலைல கோச்சிங் எடுத்துக்கிட்டு இருந்தான், அதுலயும் பாதிப் பேரு பிள்ளைங்கள நிறுத்திட்டாங்க. நன்றி சார்.’

நன்றி என்ற சொல்லை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மங்கை மாங்காய்ப் பச்சடி வைத்தாள். வேப்பம்பூ அதிகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வேப்பம்பூவில் குறை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

தவசி கூப்பிட்டார். கோப்ராஸின் வேகப்பந்து வீச்சாளர், நாலு வருடமும் ஆடியவர். அவருடைய விக்கெட் எண்ணிக்கையை அவரைவிட நான் நன்றாகச் சொல்வேன். இப்போது திண்டுக்கல்லில் டயர் கடை வைத்திருக்கிறார். இதற்கு முன் அவர் என்னோடு பேசியதே இல்லை. பெயரைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். வெட்கம்கெட்ட சந்தோஷம்.

“அண்ணே, நம்ம அருள பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க?”

நான் விதியைச் சொன்னேன். மாற்று ஆள், அட்டை, ஆட்டக் கணக்கு, எல்லாம் வரிசையாக. அவர் குறுக்கிடவே இல்லை.

“முடிச்சிட்டீங்களா? இப்ப நான் சொல்றேன். அன்னைக்கு எதிர் டீமுக்கு மூணு ரன்னு வேணும், கடைசி ஜோடி. நான் போட்டது மோசமான பந்து. பாதியில குத்தி வாகா எழும்புச்சு, தூக்கி அடிச்சிட்டான். நான் திரும்பிக்கூடப் பாக்கல, போச்சுன்னு தலையில கைய வச்சிட்டேன். இந்தப் பய எங்கிருந்தோ ஓடி வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னாடி குப்புற விழுந்து பிடிச்சான். மோவாய் கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். பஸ்ஸுல மதுர வர்ற வரைக்கும் நாங்க அவனைத் தோள விட்டு இறக்கல. அவனுக்குச் சம்பளங்கூடக் கிடையாதுண்ணே. சாப்பாடு மட்டுந்தான்.”

“நான் இல்லைன்னு சொல்லலயே. விதிப்படி அவர் ஆடுனதா...”

“சரிண்ணே. அவன் ஆடலன்னே வச்சுக்குவோம். அப்ப அந்தப் பந்து எங்க போச்சு?”

சேலத்தில் கோப்ராஸ் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். வருடா வருடம் அந்தத் தேதி வந்தால் நான்தான் ‘சேலம் வென்ற நாள்’ என்று கொண்டாடிப் பதிவு போடுகிறவன். அந்த வெற்றி யாருடைய கையில் விழுந்தது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறேனா? மாற்று ஆள் என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

இல்லை. இதுகூடப் பொய். எட்டாம் தேதி அவர் போனில் அந்தக் கேட்சைச் சொன்னபோதே அட்டையும் பேச்சும் அச்சாகப் பொருந்தியது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் பத்தாம் தேதி எழுதினேன். அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 18

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: ‘நான் தவறு செய்துவிட்டேன்.’ அழித்தேன். அடுத்தது: ‘தவறு நேர்ந்துவிட்டது.’ தானாக வந்து நேர்ந்ததுபோல. கடைசியில் போட்டது இதுதான்: ‘கூடுதல் தகவல்: சேலம் ஆட்டத்தில் திரு. அருளப்பன் மாற்று ஆளாகக் களத்தில் நின்று ஒரு கேட்ச் பிடித்ததாக முன்னாள் வீரர் ஒருவர் தெரிவிக்கிறார். எனினும் விதிகளின்படி இது ஆட்டமாகக் கணக்கிடப்படாது.’

தெரிவிக்கிறார். எனினும். கணக்கிடப்படாது. இலாகாவில் முப்பத்தைந்து வருடம் கடிதம் எழுதியது வீண்போகவில்லை.

பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒருத்தன், ‘அப்போ டூப்பு கன்ஃபர்ம்’ என்று போட்டான். மங்கை படித்துவிட்டுப் போனை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

துணிந்து திருமங்கலம் போனேன். நேரிலேயே சொல்லி, அருளப்பனுக்கு வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எண்ணம். பேருந்தில் போகும்போதே சொல்ல வேண்டியதை நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தாளாளர் நல்ல மாதிரியான மனிதர். மோர் கொடுக்கச் சொன்னார். “சார், உங்க பதிவப் பாத்துதான் நிறுத்தினோம். பெத்தவங்க வரிசையா ஃபோன் பண்ணிட்டாங்க. வேற ஆளும் பேசிக்கிட்டு இருக்கோம், இன்னும் முடிக்கல. நீங்களே தேடி வந்திருக்கீங்க, நீங்க சொன்னா எடுத்துக்கறேன். ஒரே வார்த்தைல சொல்லுங்க. அவரு கோப்ராஸுக்கு ஆடுனாரா, ஆடலயா?”

ஆடினார். இதைச் சொல்வதற்குத்தான் வந்திருந்தேன்.

“விதிப்படி பாத்தா...” என்றேன்.

“விதிப்படிதான் சார் கேக்கறேன்.”

“விதிப்படி ஆடலை. ஆனா, களத்துல அவரு...”

“போதும் சார். நானும் அவருக்கு ஒரு வழி பண்ணலாம்னுதான் பாத்தேன். நீங்களே சொல்லிட்டீங்க.” அதற்குள் உள்ளே இரண்டு பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். மேசை மேலிருந்த போனை எடுத்து யாரிடமோ, “அந்த இன்னொருத்தரையே வரச் சொல்லிருங்க,” என்றார். நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வைக்க இடம் தெரியாமல் வாசலில் இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

எந்த மடையன் இப்படிச் செய்வான்? நாளைக்கு எவனாவது வந்து, ‘சார், விதிப்படி அது ஆட்டம் இல்லையே’ என்று என்னைக் கேட்டுவிடுவானோ என்ற பயம். அந்த ஒரு கேள்வியிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதனின் வேலையை இரண்டாவது தடவையும் பிடுங்கிவிட்டேன். முதல் தடவையாவது தூரத்திலிருந்து செய்தேன்.

மங்கையிடம், “தாளாளர் ஊர்ல இல்ல,” என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 22

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன்.

ஏப்ரல் 23

மங்கையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியுங்க,” என்றாள். “ஊர்ல இல்லாத ஆளப் பாத்துட்டு வந்தா மூஞ்சி இப்பிடியா இருக்கும்?” அப்புறம் ஒரு சட்டையை உதறிவிட்டு, “அவரப் போய்ப் பாருங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தெரிஞ்சுது, பேஸ்புக்கு தெரிஞ்சுது, அந்த மனுசன் இருக்குற இடத்துக்கு மட்டும் வழி தெரியலயா?” என்றாள்.

ஏப்ரல் 25, சனி

காலையில் பசுமலை போனேன். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு காலி மனை. கருவேலஞ்செடிகளை வெட்டிச் சமமாக்கி, நடுவில் ஒரு பாய் விரித்திருந்தார்கள். நாலைந்து பிள்ளைகள்தான் இருந்தார்கள். பந்து போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மோவாயில் குறுக்காகத் தழும்பு.

“வாங்க சார். பேரப்பிள்ளைய சேக்கணுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். பாடம் ஒப்பிப்பதுபோல் வேகமாகச் சொன்னார்.

“சார், முன்னாடியே சொல்லிர்றேன். நான் கோப்ராஸுக்கு ஆடுனவன் இல்ல. முந்தி அப்பிடிச் சொல்லிக்கிட்டு இருந்தேன், அது தப்பு. விவரம் தெரிஞ்ச ஒரு சாரு கண்டுபிடிச்சு எழுதிட்டாரு. எல்லாருட்டயும் சொல்லித்தான் சேத்துக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒழுங்காச் சொல்லிக்குடுப்பேன், அதுக்கு மட்டும் நான் பொறுப்பு.”

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

“அந்தச் சாரு நான்தான்,” என்றேன்.

அவர் கையிலிருந்த பந்தைச் சட்டையில் துடைத்தார். ஒரு அடி பின்னால் போனார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிருங்க சார்.”

நான் கேட்கப் போன வார்த்தையை அவர் கேட்டுவிட்டார். என்னிடம். எதற்கு?

“உங்க பக்கத்த தினமும் பாப்பேன் சார். டீமு பத்தி உங்கள மாதிரி யாருக்குத் தெரியும்? நீங்களே இல்லன்னு எழுதுனதும், சரி, நம்மதான் தெரியாத்தனமா பேசிக்கிட்டு இருந்திருக்கோம்னு...”

“அய்யோ, நிறுத்துங்க. தவசி எல்லாத்தையும் சொன்னாரு. அந்தக் கேட்ச் நீங்க பிடிச்சதுதான். நான்தான் தப்பு. தெரிஞ்சே பண்ணுன தப்பு. திருமங்கலத்துலயும் போன செவ்வாய்க்கிழமை போய்...” எதையும் விடாமல் சொன்னேன். வேலை மறுபடி போனதையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்க நன்றாக இல்லை.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“வீட்டுல ஜெசிந்தா கேட்டா சார். கல்யாணத்தப்பலருந்து அந்தக் கேட்சு கதையத்தான் சொல்லிக்கிட்டு இருப்பேன். ‘இத்தன வருசமா எங்கிட்டயுமா பொய் சொன்னீங்க?’ன்னா. ஊரே படிச்சிருச்சு, அவ அண்ணன் ஃபோன் பண்ணிக் கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? ஆமான்னு சொல்லிட்டேன் சார்.”

பிள்ளைகள் பாயின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வீடு எங்க இருக்கு?” என்றேன்.

“வேணாம் சார், விடுங்க.”

“இல்ல. நான் வந்து சொல்றேன்.”

இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு பகுதி. அந்தப் பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அருளப்பன் நான் யார் என்று சொன்னதும் ஜெசிந்தா கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்து வாளிக்குள்ளேயே திரும்பப் போட்டார். நின்றபடியே சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை அம்மா, சேலத்தில் அந்தக் கேட்சைப் பிடித்தவர் அவர்தான், அவரால்தான் மதுரை ஜெயித்தது, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன். ‘விதிப்படி’ என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

ஜெசிந்தா கணவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

“அவரு பிடிச்சத நீங்க பாத்தீங்களா சார்?”

“இல்லம்மா. அந்த ஆட்டத்துக்கு நான் போகல.”

“அவரு ஆடலங்கிறத?”

“அதையும் பாக்கலம்மா.”

“ஒண்ணையுமே பாக்காமயா சார் ஊருக்கெல்லாம் சொன்னீங்க?”

“ஜெசி, விடு. சார உள்ள வரச் சொல்லு,” என்றார் அருளப்பன்.

அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டார். நான் உள்ளே போகவில்லை.